வறுமையை அளப்பது யார்?

பொருளாதாரம் வல்லுநர்களுக்கு மட்டுமே உரிய துறை என்ற எண்ணம் ஆளும் வர்க்கத்துக்கு வசதியானது. ஆட்சியாளர் வெளியிடும் புள்ளிவிவரத்தை உழைப்போர் கேள்வி கேளாமல் ஏற்க அது வழிசெய்கிறது. புனேயிலுள்ள கோகலே அரசியல், பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் இன்றைய நிலையை இந்தக் கோணத்தில் நோக்க வேண்டும்.

கோபாலகிருஷ்ண கோகலே 1905இல் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கம், 1930இல் இந்நிறுவனத்தை அமைத்தது. 1993 முதல் இது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். முதல் இயக்குநர் டி.ஆர். காட்கில், வாய் தாலுகாவின் வயல்களிலும் புனே நகரத்துக் குடும்பங்களிடையிலும் நேரடி ஆய்வுகளை நடத்தச் செய்தார். திட்டக்குழுத் துணைத் தலைவராக இருந்தபோது, மாநிலங்களுக்கான மத்திய நிதியுதவியைப் பங்கிட 1969இல் அவர் வகுத்த சூத்திரம், மக்கள்தொகைக்கு 60 விழுக்காடு எடை அளித்தது.

1971இல் தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் இந்திய வறுமை குறித்த ஆய்வை வெளியிட்டனர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2250 கலோரி உணவு என்பதை அளவுகோலாகக் கொண்டு, 1960-61இல் கிராம மக்களில் 40 விழுக்காட்டினரும் நகர மக்களில் 50 விழுக்காட்டினரும் அதற்குக் கீழே இருந்ததாக அவர்கள் கணக்கிட்டனர். நிலப் பங்கீடு வறுமையைத் தீர்க்காது, அரசு வேலை வழங்க வேண்டும் என்பது அவர்களது முடிவு. இதில் நாம் முரண்படுகிறோம். நிலச்சீர்திருத்தம் ஏக்கர் கணக்கு மட்டுமன்று. கிராமத்தில் அதிகாரம் யார் கையில் என்பதே அதன் சாரம். ஆயினும், கணக்கு வெளிப்படையாக இருந்ததால்தான் அவர்களோடு வாதிட முடிந்தது.

இன்று அந்த வாய்ப்பே சுருங்குகிறது. 2017-18ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்வறிக்கையை, தரவின் தரம் சரியில்லை எனக் கூறி 2019இல் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவர் பிபேக் தேப்ராய், கோகலே நிறுவனத்தின் வேந்தராகவும் இருந்தார். 2024 செப்டம்பரில் துணைவேந்தர் அஜித் ரானடேயை, தேவையான கற்பித்தல் அனுபவம் இல்லையெனக் காரணம் காட்டி அவர் நீக்கினார். பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் அளித்ததும் வேந்தர் விலகினார். நவம்பரில் துணைவேந்தரும் விலகினார். அடுத்த வேந்தரும் அதே ஆலோசனைக் குழுவின் உறுப்பினரே. தனிமனிதரின் தகுதி குறித்த விவாதம் எதுவாயினும், கொள்கை வகுப்போரே அதனை ஆராயும் நிறுவனத்துக்கும் தலைமை தாங்கினால் ஆய்வின் சுதந்திரம் எங்கே நிற்கும்?

ஆய்வு நிறுவனங்களின் தலைமையை ஆசிரியர்களும் அறிஞர்களும் கொண்ட அவை தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வுத் தரவுகள் முழுமையாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகள் பேராசிரியர்களுக்கு மட்டும் உரியவையல்ல. கூலியும் ரேஷனும் தீர்மானிக்கப்படுவது இந்தக் கணக்குகளைக் கொண்டே.

நமக்கும் ஒரு கடமை உண்டு. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு தொடங்கிய கிராம ஆய்வில் இடம்பெற்ற இருவேல்பட்டு, பின்னரும் பலமுறை ஆராயப்பட்டது. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு என்று நம் கிளைகளும் தத்தம் ஊரில் குறித்து வைக்கலாம். அந்தக் குறிப்பேடு கையில் இருந்தால், அரசின் கணக்கோடு நாம் வாதிட முடியும்.