யானை வாங்கலாம், தீனிக்குத் தனிக் கணக்கு உண்டா?



தீபாவளிக்கு முந்தைய மாதம், மதுரை கீழமாசி வீதியில் உள்ள என் கடைக்கு ஒரு தம்பி வந்தார். பலசரக்குக் கடை வைத்து ஏழெட்டு வருடத்தில் நல்ல பெயர் எடுத்தவர். வந்தவர் பருப்பு விலை கேட்கவில்லை. "அண்ணாச்சி, முப்பது லட்சம் ரூபாய் கார் ஒன்று எட்டு லட்சத்துக்கு வருகிறது. பத்து வருட வண்டி. ஹைபிரிட் என்பதால் பெட்ரோலும் மிச்சமாகுமாம். முடித்துவிடலாமா?" என்றார்.

"முடிக்கலாம் தம்பி. எட்டு லட்சம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். "தீபாவளிக் கொள்முதலுக்கு வைத்திருக்கிறேன். வண்டியை எடுத்துவிட்டுப் பிறகு புரட்டிக்கொள்ளலாம்" என்றார்.

இந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. நம் தெருவில் இப்போது இத்தகைய வண்டிகள் பல நிற்கின்றன. நானும் ஒன்று வைத்து ஆறு வருடமாக ஓட்டுகிறேன். ஆகவே பொறாமையில் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். உழைத்துச் சம்பாதித்தவர் சொகுசாகப் போவதில் தவறில்லை. ஆனால் சரக்கு வாங்கும்போது வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு என்று பைசா பைசாவாகப் பார்க்கும் நாம், கார் வாங்கும்போது மட்டும் வாங்கிய விலையோடு கணக்கை மூடிவிடுகிறோம். அங்கேதான் சறுக்குகிறோம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். 1997-இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்ததிலிருந்து ஹைபிரிட் கார்கள் பரவின. நம் நாட்டில் 2013-இல் கேம்ரி ஹைபிரிட் ஏறக்குறைய முப்பது லட்சம் ரூபாய் விலையில் வந்தது. 2017-இல் லெக்ஸஸ் கார்களும் வந்தன. அதே 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, பெரிய ஹைபிரிட் கார்களுக்குச் செஸ்ஸோடு சேர்த்து 43 சதவீதம் வரி விழுந்தது. அன்று பெரிய விலை கொடுத்து வாங்கப்பட்ட வண்டிகள்தான் இன்று பழைய வண்டிச் சந்தையில் மலிவாகத் தெரிகின்றன.

"ஹைபிரிட் என்றாலே தொல்லை" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது முழு உண்மை அல்ல. நான் சொன்ன இந்த வகை வண்டிகளில் என்ஜினும் இரண்டு மின் மோட்டார்களும் பற்சக்கரங்களால் இணைந்து ஓடுகின்றன. கிளட்ச் கிடையாது. தனி ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ கிடையாது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் வேகமே மின்சாரமாக மாறி பேட்டரிக்குப் போவதால், பிரேக் கட்டைகள் சாதாரண வண்டியைவிட அதிக நாள் வருகின்றன. தேய்கிற உறுப்புகள் குறைவு என்பது இதன் பெரிய லாபம்.

செலவு வைப்பது பெரிய பேட்டரிதான். உதாரணமாக, 2013-இல் வந்த கேம்ரியில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைப் பேட்டரி உள்ளது. 34 சிறு கட்டிகளை வரிசையாக இணைத்து ஏறக்குறைய 245 வோல்ட் தருகிறார்கள். பின் இருக்கைக்குப் பின்னால் அது உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முதல் பகை வெப்பம். அதைக் குளிர வைக்க ஒரு விசிறி, வண்டிக்குள்ளிருந்தே காற்றை இழுக்கிறது.

இங்கே நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய புதிதில் அவசரத்துக்கு இரண்டு அரிசிச் சிப்பங்களைப் பின் இருக்கையில் போட்டு வருவது என் வழக்கம். சில நாள் மைதா மூட்டையும் ஏறும். அந்தக் காற்று வாய் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. மூட்டை அதை மறைத்தது; மாவுத்தூசி உள்ளே போய் அடைத்தது. ஒரு சித்திரை மாத வெயிலில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நல்ல வேளையாக, பார்த்தவர் விவரம் தெரிந்தவர். விசிறியைக் கழற்றி, கையளவு மாவுப்படலத்தை எடுத்து என்னிடம் காட்டினார். "இது கார் அண்ணாச்சி, குட்டியானை இல்லை" என்றார். அன்றிலிருந்து அந்த வண்டியில் சரக்கு ஏற்றுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை விசிறியைச் சுத்தம் செய்கிறேன்.

இன்னொரு விஷயமும் நம்மவர் பலருக்குத் தெரியாது. இந்த வண்டிகளில் பெரிய பேட்டரியோடு, மற்ற கார்களில் உள்ளது போன்ற 12 வோல்ட் சிறிய பேட்டரி ஒன்றும் உண்டு. அது செத்துப்போனாலும் வண்டி எழுந்திருக்காது. கடை வேலையில் மூன்று வாரம் வண்டியை எடுக்காமல் நிறுத்திவிட்டு, பிறகு ஓடவில்லை என்றதும் பெரிய பேட்டரி போய்விட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. சில ஆயிரத்தில் முடிகிற வேலைக்கு, பயத்தில் சில லட்சத்துக்குத் தலையாட்டிவிடக் கூடாது. வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் வண்டியை ஓட்டுங்கள்.

சரி, பெரிய பேட்டரியே தளர்ந்துவிட்டால்? "ஒரு கட்டிதான் போயிருக்கிறது, அதை மட்டும் மாற்றிக் குறைந்த விலையில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்பவர்கள் வருவார்கள். ஒரு மூட்டையில் வண்டு விழுந்தால் அதே அடுக்கில் உள்ள மற்ற மூட்டைகளின் நிலை நமக்குத் தெரியாதா? எல்லாக் கட்டிகளுக்கும் ஒரே வயது. ஒன்றை மாற்றினால் அடுத்தது எப்போது என்பதே கேள்வி. மேலும், 245 வோல்ட் ஆளைக் கொல்லும். ஆரஞ்சு நிறக் கேபிளில் கைவைக்கப் பழகாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

இனி கணக்குக்கு வருவோம். முழுப் பேட்டரி மாற்ற மூன்று லட்சம் ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டிக்கு உண்மை விலை என்ன என்பதை வாங்குமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐந்து வருடத்தில் அந்தச் செலவு வரும் என்றால், மாதம் 5,000 ரூபாய் தனியே எடுத்து வைக்க வேண்டும், வருடம் 60,000. பெட்ரோல் மிச்சம் இதை ஈடுகட்டுமா? சாதாரணப் பெரிய கார் லிட்டருக்கு 9 கிலோமீட்டர், ஹைபிரிட் 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று கொள்வோம். வீட்டுக்கும் கடைக்குமாக வருடம் 6,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 27,000 ரூபாய்கூட வராது. வெளியூர்க் கொள்முதலுக்கும் வசூலுக்குமாக 20,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 89,000 ரூபாய் அளவுக்கு வரும். ஆகவே அதிகம் ஓடுகிறவருக்கு இந்த வண்டி சோறு போடும். தெருவில் நிறுத்தி அழகு பார்க்கிறவரின் சோற்றைத் தின்னும்.

கடைப் பெயரில் வாங்கினால் வரியில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்றும் ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான காருக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு நம்மைப் போன்றோருக்குக் கிடையாது. அதன் பழுதுபார்ப்புக்கும் இன்சூரன்ஸுக்கும் செலுத்திய வரியும் அப்படியே. பேட்டரிக்குக் கட்டும் வரி நம் கையை விட்டுப் போனதுதான். வருமான வரியில் தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம் உண்டு; அதிலும் வீட்டு உபயோகத்துக்கான பங்கைக் கழிக்க வேண்டும். தேய்மானம் எடுத்த வண்டியை விற்கும்போது, புத்தக மதிப்பைவிடக் கூடுதலாகக் கிடைத்த தொகைக்கு 2025 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஆக்கியிருக்கிறார்கள். புத்தக மதிப்புக்குக் கீழே விற்றால் அந்த வரி இல்லை. இதையெல்லாம் உங்கள் ஆடிட்டரிடம் வாங்குவதற்கு முன்பு பேசுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் உண்டு. சென்னை வெள்ளம் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் எத்தனையோ கார்களை மூழ்கடித்தது. தண்ணீர் குடித்த ஹைபிரிட் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். இருக்கைக்கு அடியிலும் டிக்கியின் அடித்தட்டிலும் துருவும் சேறும் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் சீட்டுகளை முதல் வருடத்திலிருந்து கேளுங்கள். பேட்டரியின் நிலையைக் கணினியில் பார்த்து அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். நடுப்பகலில் ஏ.சி. போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். விற்பவர் இதற்கு முகம் சுளித்தால், நாம் மாதிரி காட்டாத மூட்டையை விட்டு நகர்வதுபோல் நகர்ந்துவிடலாம். பதிவாகி 15 ஆண்டு முடிந்தால் தகுதிச் சோதனை முடித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 2013 வண்டிக்கு அது 2028-இல் வந்துவிடும்.

கடைசியாக, அந்தத் தம்பிக்கு நான் சொன்ன ஒரு நடப்பு. நம் தெருவில் ஒருவர் மூன்று வருடத்துக்கு முன் இதே போல் ஐப்பசியில் கைமுதலை எடுத்துக் கார் வாங்கினார். தை பிறப்பதற்குள் பெரிய பேட்டரி விளக்கு எரிந்தது. பொங்கல் வியாபாரத்துக்கு வைத்திருந்த பணமும் வண்டிக்குள் போனது. பருப்பு மண்டிக்கு முப்பது நாளில் கொடுக்க வேண்டிய பாக்கி தொண்ணூறு நாளானது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. கடைசி ரூபாய்வரை கொடுத்துத் தீர்த்தார். ஆனால் மண்டியில் அவர் பேரேட்டுக்கு மேல் "ரொக்கம் மட்டும்" என்று எழுதிவிட்டார்கள். கார் சரியாகிவிட்டது, இன்றும் நன்றாக ஓடுகிறது. அந்த இரண்டு வார்த்தை மட்டும் இன்னும் அழியவில்லை. முப்பது நாள் தவணையில் சரக்கு எடுக்கிறவரோடு, ரொக்கத்துக்கு எடுக்கிறவர் எப்படி விலைக்கு விலை போட்டி போடுவார்?

ஆகவே என் கருத்து இதுதான். பழைய சொகுசு ஹைபிரிட் வண்டி கெட்ட வண்டி அல்ல. அதன் விலை பழைய விலை. பராமரிப்போ புது வண்டியின் பராமரிப்பு. இதை ஏற்றுக்கொள்ள முடிந்தவர் வாங்கலாம். லாபத்திலிருந்து வாங்குங்கள், கைமுதலிலிருந்து வாங்காதீர்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிய அன்றே வேறொரு கணக்கில் போட்டு, அதை வண்டிக்கன்றி எதற்கும் தொடாதீர்கள். அந்தப் பணம் இல்லை என்றால், அந்த வண்டி உங்களுக்கு இன்னும் மலிவாகவில்லை என்று பொருள். நம் தெருவிலேயே எந்த மெக்கானிக்கும் பார்க்கக்கூடிய சிறு கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, இரண்டு தீபாவளி பொறுத்திருங்கள்.

தம்பி பதில் சொல்லாமல்தான் போனார். மறுவாரம் வந்து நூறு சிப்பம் துவரம் பருப்புக்கு விலை கேட்டார். காரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.