நடந்து போனவருக்கும் வழக்கு உண்டு



இந்த மாதத் தபாலில் வாசகி ஒருவரின் கடிதம் வந்திருந்தது. விடியற்காலையில் பால் வாங்கப் போன அவருடைய அம்மா மீது கார் மோதி, தொடை எலும்பு முறிந்துவிட்டது. காரை ஓட்டியவர் தப்பி ஓடவில்லை. அவரே தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். எப்படி அடிபட்டது என்று அங்கே கேட்டபோது, "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். கையில் இருபதாயிரம் ரூபாயைக் கொடுத்து, போலீஸ், கேஸ் எல்லாம் வேண்டாம், பேசி முடிச்சுக்கலாம் என்றிருக்கிறார். மூன்று மாதம் போனது. ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடித்து, கடன் லட்சத்தைத் தாண்டிவிட்டது. இப்போது அவர் போனை எடுப்பதில்லை. "நல்ல மனுஷன்னு நெனச்சோம். இனிமே ஏதாவது செய்ய முடியுமா சார்?" என்று கேட்டிருக்கிறார் வாசகி.

முடியும் அம்மா. கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உங்கள் கேள்விக்கான பதிலை எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஆனாலும் இழப்பீடு என்று வரும்போது, 'நம்மகிட்ட வண்டியே இல்லையே, நமக்கு எப்படி இன்சூரன்ஸ் வரும்?' என்று இவர்கள்தான் ஒதுங்கிப் போகிறார்கள். சாலைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருப்பதே, அந்த வண்டியால் அடிபடுகிற வெளியாளுக்காகத்தான். அந்த வெளியாள் நீங்கள்தான். வண்டிக்காரர் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவது உங்களுக்காக.

இதைப் புரிந்துகொண்டால் நம் ஊர் இரக்கத்துக்கும் ஒரு வழி பிறக்கும். "பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, கேஸ் போட்டா குடும்பம் கெட்டுடும்" என்று தயங்குகிறவர்கள் பலர். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டைக் கொடுக்கப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. போலீஸ் போடும் குற்ற வழக்கு தனி, இழப்பீட்டு வழக்கு தனி. இரண்டாவதற்கென்றே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமும், மற்ற மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் உள்ள நீதிமன்றங்களும் இந்த வேலையைப் பார்க்கின்றன. அங்கே யாரையும் ஜெயிலுக்கு அனுப்புவதில்லை.

என் கணிப்பில், இந்த வழக்குகளின் தலையெழுத்து முதல் வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. வக்கீலின் வாதம் பிறகுதான் வருகிறது. முதலில் பேசுவது ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேடு. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டி மோதி, எங்கே அடி என்பதெல்லாம் அதில்தான் ஏறுகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் புரட்டுவதும் அதைத்தான். 'தவறி விழுந்தார்' என்று அதில் ஒரு வரி இருந்துவிட்டால், பிறகு வரும் எஃப்.ஐ.ஆரையே ஜோடனை என்பார். ஆகவே அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் அவரே சொல்லட்டும், இல்லையென்றால் கூடப் போகும் உறவினர் சொல்லட்டும். மோதிய வண்டிக்காரரைச் சொல்லவிட்டு நீங்கள் மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

பணம் கட்டினால்தான் தொடுவோம், போலீஸ் வரட்டும் என்றெல்லாம் ஆஸ்பத்திரிகள் சொல்லக் கூடாது. முதலில் உயிர், பிறகுதான் சட்ட நடைமுறை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குப் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவச சிகிச்சை உண்டு. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது. விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. சேர்க்கும்போதே இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவருக்குச் சொல்லும் பழக்கம் எல்லா கவுன்டரிலும் இல்லை.

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். அடிபட்டவர் படுக்கையில் இருந்தால் குடும்பத்தினரோ பார்த்தவரோ புகார் கொடுக்கலாம். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாமல் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லிக் கேளுங்கள். அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். 'எங்க லிமிட் இல்லை' என்று சொல்லியும் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றும் முறை இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பக்கத்துக் கடைகளில் சிசிடிவி கேமரா இருந்தால் அன்றைக்கே போலீஸிடம் சொல்லிவிடுங்கள். பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும், கடைக்காரர் உங்களுக்காக எடுத்து வைத்திருக்க மாட்டார்.

2022-இல் வந்த விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் தீர்ப்பாயத்தால் முடியும். காகிதத்தில் அழகான ஏற்பாடுதான். ஆனால் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், ஏனென்றால் உங்களுக்கு ஒரு கெடு இருக்கிறது.

2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு, 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் பல ஆண்டுகளாகக் கெடு எதுவும் இல்லாமல் இருந்ததால், 'எப்ப வேணா போடலாம்' என்று இன்றைக்கும் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பழைய சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன, அதனால் கெடு தாண்டியவர்களும் நம்பிக்கை இழக்காமல் வக்கீலைப் பார்க்கலாம். கெடுவுக்குள் இருப்பவர்கள் வேறு எதையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் வழக்கு போட வேண்டும் என்பதும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். திருப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில் அடிபட்டவர் ராமநாதபுரத்திலேயே மனு போட முடியும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆஸ்பத்திரி பில்லோடு கணக்கு முடிவதில்லை. வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், இனி ஆகப்போகும் சிகிச்சைச் செலவு, கூட இருந்து பார்த்தவரின் செலவு, போக்குவரத்து, சத்துணவு, வலி, வேதனை, இவற்றோடு ஊனத்தால் வருங்காலத்தில் குறையப்போகும் சம்பாத்தியம் எல்லாம் சேர்கிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற 2010 வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைத் தெளிவாக்கியது. டாக்டர் கொடுக்கும் ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறன் குறைந்த சதவீதமும் ஒன்றல்ல, அவரவர் தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாகக் கீரை விற்கும் பெண்ணுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால், மருத்துவ வாரியம் 30 சதவீதம் என்று எழுதலாம். அவருடைய பிழைப்பில் போனது எத்தனை சதவீதம் என்பதைத் தீர்ப்பாயத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியது அவர் வக்கீலின் வேலை. வருமானச் சான்று இல்லையே என்ற கவலையும் வேண்டாம். சுய உதவிக் குழுப் புத்தகம், மண்டியில் சரக்கு எடுத்த சீட்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் உதவும். எதுவுமே இல்லை என்றாலும் நீதிமன்றம் தானாக ஒரு வருமானத்தை நிர்ணயிக்கும்.

வீட்டு வேலை பார்க்கும் அம்மாவுக்கு வருமானம் ஏது என்று நினைக்காதீர்கள். லதா வாத்வா வழக்கில் 2001-இல் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் மதிப்புப் போட்டது. அந்த உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்பதை 2021-இல் கீர்த்தி வழக்கில் இன்னும் அழுத்திச் சொன்னது. அம்மா பால் வாங்கப் போனதும் அந்த உழைப்பில் அடக்கம்தான்.

யார் மேல் தப்பு என்று பார்க்காமலே கிடைக்கும் தொகையும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயக் கணக்கில் வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசி இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், 166-ஆவது பிரிவில் முழு இழப்பீடு கேட்டுப் போட்ட மனு காலாவதியாகிவிடும். முழு இழப்பீடு இதைவிடப் பல மடங்கு வரக்கூடிய கேஸாக இருக்கலாம். வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும், அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு அப்பீல் கிடையாது.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்? அதற்கும் 2022-இலிருந்து மேம்பட்ட திட்டம் ஒன்று இருக்கிறது. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். தாலுகா அல்லது கோட்ட அளவிலான வருவாய் அதிகாரி விசாரித்து அனுப்ப, மாவட்ட ஆட்சியர் உத்தரவு போடுவார். உடைந்த இடுப்புக்கு ஐம்பதாயிரம் என்பது நியாயமான தொகை இல்லை என்பதுதான் என் எண்ணம். இருந்தாலும் அதையும் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

"நான்தான் ஜீப்ரா கோட்டில் கடக்கலையே" என்று குற்ற உணர்ச்சியோடு ஒதுங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் கவனக்குறைவு இருந்தது என்று நிரூபித்தால், இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். வழக்கே இல்லை என்று ஆகிவிடாது. அதுவும் போக, நடக்க எங்கே இடம் வைத்திருக்கிறோம்? நடைபாதை மேல் பஜ்ஜிக் கடை, அதற்கடுத்து டிரான்ஸ்ஃபார்மர், அதற்கடுத்து வரிசையாகப் பைக்குகள். கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில்தான், பயன்படுத்தத்தக்க நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் நீதிபதிகள் சொன்னார்கள். உடைந்த எலும்புகளை ஒட்டவைத்து அலுத்துப்போன ஒரு டாக்டர் கோர்ட்டுக்குப் போனதால் நமக்குக் கிடைத்த உரிமை இது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் பேசும்போது இந்தத் தீர்ப்பைச் சொல்லிப் பாருங்கள்.

புரோக்கர்களைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. வார்டுக்கே வந்து, "நாங்க பாத்துக்கறோம், முப்பது பர்சென்ட் குடுத்தா போதும்" என்பார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கின்றன. கட்டணத்தை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாள், நிரப்பாத காசோலை, ஏ.டி.எம். கார்டு எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கச் சொல்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள்.

வழியில் போகிறவர்கள் தூக்கிவிடத் தயங்குவதும் இன்னும் தீரவில்லை. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அவர் மேல் வழக்கும் வராது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. மோதியதை நேரில் பார்த்திருந்தால், உங்கள் போன் நம்பரை அந்தக் குடும்பத்திடம் கொடுங்கள். பல வழக்குகள் சாட்சி இல்லாமல்தான் தோற்கின்றன.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் சொல்லியிருக்கிறது. அவர் கொடுத்த இருபதாயிரம் உங்கள் உரிமையை அடைத்துவிடாது. அந்தப் பணம் வந்த விதம், போன் பேச்சு, பார்த்த பால்காரர், எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேகரித்துக்கொண்டு இந்த வாரமே புகார் கொடுங்கள். அம்மா விரைவில் குணமடைய எங்கள் எல்லோருடைய வேண்டுதலும் உண்டு.

இதே நிலையில் உள்ள மற்ற வாசகர்களும் தங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்