ஊறுகாய் பொது, பந்தி?

இங்கே கராச்சர்மாவில் சேர்ந்து தங்கியிருக்கும் நம்மூர் பசங்களிடம் சோப்பு, சட்டை, கைமாத்து எல்லாமே பொது. ஊரிலிருந்து வந்த ஊறுகாய் ஒரே நாளில் காலி! நல்ல விஷயம்தான். ஆனால் என்னைக் கேட்டால், விடுதியில் முதலில் பகிர வேண்டியது பந்தி.

1920களின் சேரன்மாதேவி குருகுலம் ஞாபகம் இருக்கா? வ.வே.சு. ஐயர் நடத்தியது. காங்கிரஸ் கொடுத்த 5,000 ரூபாயும் அதில் உண்டு. சோறு எல்லாருக்கும் கிடைத்தது. ஆனால் பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் விடவில்லை; 1925-ல் ஐயர் விலகினார்.

பழைய கதை என்கிறீர்களா? 2023-ல் மும்பை ஐஐடி விடுதி மெஸ்ஸில் சைவத்துக்கென்று தனி மேசை. எதிர்ப்புக் காட்டிய மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம்!

தட்டில் என்ன என்பது அவரவர் இஷ்டம். பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதில் அந்த இஷ்டம் செல்லாது. பொருளைக் கொடுப்பது சுலபம். பக்கத்தில் இடம் கொடுக்கத்தான் மனசு வேணும்.