கைராசியும் கைரோபிராக்டிக்கும்

“அந்த டாக்டருக்கு நல்ல கைராசி!” என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஒரு தரம் குணம் கண்டுவிட்டால் போதும். அப்புறம் தலைவலியோ ஜுரமோ, எது வந்தாலும் அவரிடமே ஓடுகிறோம்.

அமெரிக்காவிலோ, கையைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு ஒரு வைத்தியம் நடக்கிறது. அதற்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ‘கைரோ’. மாத்திரை இல்லை, ஆபரேஷன் இல்லை. முதுகெலும்பையும் மூட்டுக்களையும் கையாலேயே அழுத்திச் சரி செய்கிறார்கள்.

1895-ல் அயோவா மாகாணத்து டாவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் இதை ஆரம்பித்தார். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்தாரென்று 1906-ல் அவரைச் சிறையிலும் போட்டார்கள். ஆனால் வைத்தியம் பரவிவிட்டது. கடைசியாக லூயிசியானா மாகாணமும் 1974-ல் லைசென்ஸ் கொடுக்க, இன்று 50 மாகாணங்களிலும் இது சட்டப்படியான தொழில்.

இந்த வைத்தியருக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல இது. நோயாளி பல தரம் வரவேண்டும். நோயாளியோ, வலி கொஞ்சம் விட்டதும் நின்றுவிடுகிறார். ஆகவே, வந்தவரை எப்படித் தக்க வைத்துக்கொள்வது என்பதே தனிப் பாடமாகிவிட்டது. 1951-ல் டெக்ஸாஸில் ஜேம்ஸ் பார்க்கர் என்பவர் தொழிலை வளர்ப்பதற்கென்றே வகுப்புகள் நடத்த ஆரம்பித்தார்!

அநேக இடங்களில் நடப்பது இதுதான். முதல் நாள் பரிசோதனை. சில சமயம் எக்ஸ்ரே. அடுத்த நாள் உட்கார வைத்து, உங்களுக்கு என்ன கோளாறு என்று விளக்குவார்கள். பிறகு திட்டம்: வாரம் மூன்று தரம், அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் சலுகை. வலி போன பிறகும் மாதம் ஒரு தரம் வந்து போகச் சொல்வார்கள்.

விளக்கிச் சொல்வது நல்லதுதான். எதைச் சொல்லி விளக்குகிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒருவர் எக்ஸ்ரேயைக் காட்டி, “பார்த்தீர்களா தேய்மானத்தை? விட்டால் ஆபத்து!” என்று பயமுறுத்துவார். யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? ஆனால் வலியே இல்லாத எத்தனையோ பேரின் முதுகெலும்பிலும் அந்தத் தேய்மானம் இருக்கிறது. வயதானால் தலை நரைப்பதில்லையா, அது மாதிரி.

இன்னொருவர், “உங்களால் எதைச் செய்ய முடியவில்லை?” என்று கேட்பார். குழந்தையைத் தூக்க முடியவில்லையா? இரவில் புரண்டு படுக்க முடியவில்லையா? அதைக் குறித்துக்கொள்வார். இரண்டு மூன்று வாரம் கழித்து அதையே திரும்பவும் கேட்பார். குணம் தெரிந்தால் வருகையைக் குறைப்பார். தெரியாவிட்டால் வேறு டாக்டரிடம் அனுப்புவார். கொடுத்த பணத்துக்குப் பலன் என்ன என்பது நோயாளிக்கே விளங்கிவிடுகிறது.

அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளியிட்ட யோசனைகளில், புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் எந்தச் சிகிச்சை செய்தாலும் நாளடைவில் குறைந்துவிடும் என்று சொல்லியிருக்கிறது. ஒத்தடம், மஸாஜ், கையால் முதுகெலும்பைச் சரி செய்வது ஆகியவற்றை முதலில் செய்து பார்க்கலாம் என்றும் சொல்கிறது. எனவே இந்த வைத்தியத்தை ஏமாற்று என்று ஒதுக்கவும் வேண்டாம்; குணமானதெல்லாம் கையின் மகிமை என்று நினைக்கவும் வேண்டாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் நடத்தும் மெடிகேர் இன்ஷூரன்ஸும் முதுகெலும்பைச் சரி செய்வதற்குப் பணம் தருகிறது. ‘வலி இல்லாவிட்டாலும் வந்து போங்கள்’ என்ற வருகைக்குத் தருவதில்லை.

பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ அங்கே போகிற சகோதரிகள், இப்படி ஒருவரிடம் போக நேர்ந்தால் நாலு கேள்வி கேளுங்கள். என்ன கோளாறு? எத்தனை தரம் வரவேண்டும்? குணம் எப்போது தெரியும்? முன்பணம் கட்டிவிட்டு நடுவில் நின்றால் மீதி திரும்பி வருமா? கேள்வி கேட்டதற்காகக் கோபித்துக்கொள்கிறவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, வலியோடு ஜுரம் வந்தாலோ, கீழே விழுந்த பிறகு வலி கண்டாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

“இனி நீங்கள் வரவேண்டியதில்லை, அம்மா” என்று ஒரு வைத்தியர் சொன்னால், நம்மை விரட்டுகிறாரே என்று வருத்தப்படாதீர்கள். அவருடைய விலாசத்தைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தரம் இடுப்பு பிடித்துக்கொண்டால் நீங்கள் அவரிடம்தான் போவீர்கள்; நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போவீர்கள்.