காக்கிக்கும் காயம் உண்டு

1993 ஏப்ரல் 9 அன்று, அப்போதைய மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்த பாலாறு அருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடிகளுக்கு 22 பேர் பலியாயினர். காவல்துறை அதிகாரி கோபாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் படுகாயங்களுடன் உயிர் தப்பினர். குற்றவாளிகளின் தண்டனை குறித்து 2014 வரை உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. காயமுற்றோரின் எஞ்சிய வாழ்நாள் குறித்து நாடு அந்த அளவு பேசியதில்லை.

போரில் காலிழந்த ராணுவ வீரருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம், 2003 முதல் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், புணே அருகே கிர்க்கியில் மறுவாழ்வு மையம் என்று சில ஏற்பாடுகளேனும் உண்டு. அவற்றுக்கும் பலர் நீதிமன்றப் படியேற நேர்வது வேறு கதை. கண்ணிவெடியில் காலிழக்கும் காவலருக்கு அந்த மருத்துவத் திட்டத்தில் இடமில்லை.

பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக் கூடாது, ஏற்ற வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு. 2021 ஆகஸ்டில் மத்திய ஆயுதக் காவல் படைகளின் களப் பணியிடங்களுக்கு அப்பிரிவிலிருந்து விலக்கு அளித்தது மத்திய அரசு. காயம்படும் வாய்ப்பு மிகுந்தவருக்கே பாதுகாப்பு இல்லை என்பது விந்தையான நீதி. காட்டில் ஓட இயலாதவரால் கட்டுப்பாட்டு அறையில் அமர இயலாதா? அந்த அறிவிக்கையை மத்திய அரசு திரும்பப் பெறவேண்டும்.