பவுடர் டப்பாவும் ராத்திரிச் சாப்பாடும்

போன ஆவணியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, சத்தமாகவே கேட்டார்: "என்ன சார், ஆள் பாதியாயிட்டீங்க? உடம்புக்கு எதுவும் இல்லையே?" அக்கம்பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "இல்ல சார், நானேதான் எடை குறைக்கிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. பரிமாற வந்த பையனைக் கூப்பிட்டு, "சாருக்கு இன்னொரு ஜாங்கிரி வை" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் தலைமுறைக்கு இளைத்தல் என்றாலே நோய். சர்க்கரை, காசம், கடன், பிள்ளை கவலை, இந்த நாலில் ஒன்று. ஒரு மனுஷன் வேண்டுமென்றே இளைப்பான் என்பது நமக்குப் பழக்கமில்லாத விஷயம். அதுவும் சோற்றை விட்டுவிட்டுப் பவுடரைக் கரைத்துக் குடித்து இளைப்பது என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து, 2015-ல் ஓய்வு பெற்றபோது 84 கிலோ. அப்புறம் உட்கார நாற்காலிக்குப் பதில் சோபா வந்தது. போன வருஷம் ஏப்ரலில் 91. உயரம் ஐந்தடி ஆறங்குலம். இடது முழங்கால் மாடிப்படியில் கெஞ்சியது. சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருஷமாக மாத்திரை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல பத்து கிலோ குறைங்க" என்று அனுப்பிவிட்டார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் காலையில் ஊட்டச்சத்து மையம் ஒன்று நடக்கிறது. உங்கள் தெருவிலும் இருக்கும். போனதும் எடை பார்ப்பார்கள், இடுப்பை அளப்பார்கள். இரண்டு கரண்டி பவுடரை அடித்துக் கலக்கி ஒரு பெரிய டம்ளரில் தருவார்கள். அதுதான் காலைச் சாப்பாடு. ராத்திரிக்கும் அதே. மத்தியானம் மட்டும் வீட்டுச் சாப்பாடு, அதுவும் அளவாக. 'மீல் ரீப்ளேஸ்மென்ட்' என்று பெயர். ஒரு டம்ளருக்கு ஏறத்தாழ 200 கலோரி. நெய்தோசையும் வடையும் போன இடத்தில் இது வந்தால் எடை இறங்கத்தான் செய்யும். அதில் மந்திரம் ஒன்றுமில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த மாடியில் எனக்குக் கிடைத்த முதல் ஆதரவு போலி அல்ல. முதல் வாரம் ஒன்றரைக் கிலோ குறைந்தபோது பத்துப் பதினைந்து பேர் எழுந்து கை தட்டினார்கள். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டதற்குப் பிறகு எனக்காக யாரும் கை தட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது என்றால் சிரிக்காதீர்கள்.

ஆனால் அந்தக் கைதட்டலுக்கு ஒரு விலை இருந்தது. டம்ளருக்கு இவ்வளவு என்று தினமும் வாங்கினார்கள். அது பரவாயில்லை. இரண்டாம் மாதம், "நீங்களே டப்பா எடுத்து நாலு பேருக்குக் குடுங்க சார், மின்வாரியத்தில உங்களுக்கு எவ்வளவு பேரைத் தெரியும்!" என்று ஆரம்பித்தார்கள். நான் தலையாட்டவில்லை. மெதுவாக எனக்கு வரும் காலை வணக்கங்கள் குறைந்தன. மூன்றாம் மாதம் நின்றேன். ஏன் வரவில்லை என்று இரண்டு முறை போன் வந்தது. டப்பா வேண்டாம் என்றதும் அதுவும் நின்றது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் என் டாக்டரிடம் பவுடரைப் பற்றிச் சொல்லவில்லை. திட்டுவார் என்ற பயம். சாப்பாடு பாதியாகிவிட்டது, கிளிமிபிரைடு மாத்திரை மட்டும் பழைய அளவில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்துவிட்டுத் திரும்பும்போது கை நடுங்கியது, சட்டை நனைந்தது, தெரு பெயர்ப் பலகையைப் படிக்க முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரத் தம்பி முகத்தைப் பார்த்தே, "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் சார் வரும்" என்று நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீயைக் கையில் கொடுத்துக் குடிக்க வைத்தான். அன்று அவன் இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

டாக்டர் திட்டத்தான் செய்தார், பவுடருக்காக அல்ல, மறைத்ததற்காக. மாத்திரையைப் பாதியாக்கினார், பிறகு அந்த ஒன்றை நிறுத்தியேவிட்டார். அவர் சொல்லித்தான் பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஸ்காட்லாந்திலும் டைன்சைடு பகுதியிலும் 306 பேர். சர்க்கரை கண்டு ஆறு வருஷத்துக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள். அதில் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் சாப்பாடே கிடையாது. நாளுக்கு 825 முதல் 853 கலோரி வரும் கரைசல் மட்டும். ஒரு வருஷம் கழித்து, அந்தப் பாதியில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்த மறுபாதியில் 4 சதவீதம்தான். 2017-ல் வெளியான முடிவு இது. இரண்டாம் வருஷ முடிவில் அந்த 46, 36 ஆக இறங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நம் ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 46-ஐ மட்டும் சொல்வார்கள். அங்கே முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் டாக்டரின் பொறுப்பில் நிறுத்தினார்கள். அவரவர் ஊர் மருத்துவமனை நர்ஸோ உணவியல் நிபுணரோ கூடவே இருந்தார். கரைசலை நிறுத்திச் சோற்றுக்குத் திரும்பும் வாரங்களிலும், அதற்குப் பிறகும் மாதா மாதம் கூப்பிட்டுப் பார்த்தார். அங்கே நர்ஸும் சிகிச்சையில் ஒரு பாகம். இங்கே நாம் இறக்குமதி செய்தது டப்பாவை மட்டும். நர்ஸை விட்டுவிட்டோம்.

ஆக, துணை எங்கே கிடைக்கும்? நான் தேடாத இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது. அதற்கு முன்னால் என் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும். கொஞ்சம் வெட்கமான கதை.

பவுடர் டப்பா வந்த முதல் வாரம் என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம், அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "நாப்பது வருஷமா நான் போட்ட சாப்பாடுதான் உங்க உடம்பைக் கெடுத்துச்சாங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று ஏதோ முனகினேன். அவளுக்கு அந்த டப்பா ஒரு தீர்ப்பு மாதிரி ஷெல்ஃபில் உட்கார்ந்திருந்தது. இன்னும் சில நாள் கழித்து ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன். மத்தியானச் சோற்றில் மோரை ஊற்றி, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மேடை ஓரம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஒருத்திக்கு என்னத்துக்கு அடுப்புப் பத்த வைக்கணும்" என்றாள். நான் எட்டு மணிக்கு டம்ளரைக் கவிழ்த்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவள் தோசை சுடுவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் அன்று ராத்திரி ஞாபகம் வந்தது. 2009 வாக்கில் தைராய்டு வந்து அவளை எடை குறைக்கச் சொன்னார்கள். ராத்திரி கஞ்சியும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுக்கொண்டு மொட்டை மாடியில் தனியாக நடப்பாள். "இந்த வயசுல யாருக்குக் காட்டவாம்?" என்று நான் கேலி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஜ்ஜி கேட்பேன். பஜ்ஜி போடுகிறவள் நாலு தின்னாமல் எப்படி இருப்பாள்? ஒன்றரை மாதத்தில் விட்டுவிட்டாள். மனஉறுதி இல்லை என்று அப்போது நான் தீர்ப்புச் சொன்னதும் நினைவிருக்கிறது.

டாக்டர் அனுப்பிய உணவியல் நிபுணர் ஒரு சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எளிதாகச் சொன்னாள்: "பவுடரை எந்த வேளைக்கு வேணும்னாலும் வச்சுக்கலாம் அங்கிள். நீங்க ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுற வேளையில மட்டும் வைக்காதீங்க." கணக்குப் பிரிவில் இத்தனை வருஷம் இருந்தவனுக்கு இந்தக் கூட்டல் தெரியாமல் போயிற்று. காலையும் மத்தியானமும் டம்ளர். ராத்திரி ஏழரைக்கு இரண்டு சப்பாத்தி, ஒரு பெரிய கிண்ணம் காய், பருப்பு. இரண்டு தட்டு. மத்தியானம் அவள் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டே சாப்பிடுவது பழைய வழக்கம், அதற்கு என் துணை என்றைக்குமே தேவைப்பட்டதில்லை.

அதன் பிறகு அவளே என் காவல்காரி ஆனாள். கல்யாண வீட்டில் ஜாங்கிரி வந்தபோது என் இலை ஓரத்தில் கை வைத்து மறைத்தது அவள்தான்.

இரண்டாவது துணை, என்னோடு நடக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் பவுடர் குடிக்கவில்லை, சோற்றைக் குறைத்து நடக்கிறார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருவரும் மருந்துக்கடை எடை மெஷினில் ஏறுவோம். ஒருவர் எண்ணை மற்றவர் ஒரு பழைய டைரியில் எழுதுவார். அவ்வளவுதான். கைதட்டல் இல்லை. அவரிடம்தான் முதன்முதலாக ஒரு உண்மையை ஒப்புக்கொண்டேன்: வண்டி டிக்கியில் சாத்தூர் காராச்சேவு பொட்டலம் ஒன்று ஒளித்து வைத்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்துவிட்டு, "எங்க வீட்ல புத்தக அலமாரிக்குப் பின்னாடி" என்றார். ரொம்ப நேரம் சிரித்தோம்.

பிறகு படித்தபோது, இது அமெரிக்காவில் அறுபது வருஷத்துக்கு முன்பே நடந்த கதை என்று தெரிந்தது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற குடும்பத் தலைவி 1961-ல் சுகாதாரத் துறை நடத்திய கிளினிக்கில் பத்தியம் வாங்கிக்கொண்டாள். ஒளித்துத் தின்ற பிஸ்கட்டைப் பற்றி அங்கே சொல்லத் துணியவில்லை. ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர்களும் தங்கள் ரகசியங்களைச் சொன்னார்கள். அந்த வாராந்தரக் கூட்டம்தான் 1963-ல் 'வெயிட் வாட்சர்ஸ்' நிறுவனம் ஆனது. வியாபாரமானது பின்னால். முதலில் ஆறு பேர் உட்கார ஒரு கூடம் இருந்தது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். என் அக்கா வீட்டுக்கு வரும் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். அந்தப் பை கூட ஒரு எடை மெஷினும், "போன மாசத்துக்கு இந்த மாசம் எப்படிம்மா?" என்று கேட்கப் பத்து நிமிஷமும் கொடுத்தால், எங்கள் தெரு மாடியில் விலைக்கு விற்பது பலருக்கு இலவசமாகக் கிடைக்கும். அவளுக்கு விற்க டப்பா கிடையாது என்பதே பெரிய தகுதி.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் பவுடர் வாங்கப் போகவேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், என் மாதிரி மாத்திரைக்காரர்கள், டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. வேறு வழியில் குறைக்க முடிகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. வீட்டில் யாராவது குறைக்க ஆரம்பித்தால், அன்று பஜ்ஜி கேட்காதீர்கள்.

என் கணக்கு: டைரிப்படி போன ஞாயிறு 82.4. தீபாவளிக்கு இரண்டு கிலோ ஏறி இறங்கியது. பவுடர் இப்போது காலையில் மட்டும். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறேன், இறங்கும்போது பிடிக்கிறேன். டீக்கடைத் தம்பி நான் கேட்காமலே சர்க்கரை போடாத டீ தருகிறான், ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எனக்காகத் தனியாக எடுத்தும் வைத்திருக்கிறான்.

போன ஞாயிறு மனைவியும் மருந்துக்கடைக்கு வந்தாள். எடை மெஷினில் ஏறுமுன் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். தலைமையாசிரியரும் நானும் சாலையில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டைரியில் அவளே எழுதினாள்.