கண் தைத்த கொக்கு

கார்த்திகை மாசத்தில் டெல்டா பக்கம் காரில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். சாலையோரப் புளியமரத்தடியில் ஒருவர் நிற்பார். கையில் ஒரு கொத்து. தூரத்திலிருந்து பார்த்தால் துவைத்த வேட்டி மாதிரி தெரியும். வண்டி வேகம் குறைந்ததும் கொத்தைத் தூக்கிக் காட்டுவார். கொக்கும் மடையானும். கால்களைச் சேர்த்துக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார். சிலதுக்கு இன்னும் உயிர் இருக்கும்.

கார்க் கண்ணாடி இறங்கும். "ஜோடி எவ்வளவுப்பா?"

அந்தக் கண்ணாடியை இறக்குகிறவரோடுதான் எனக்கு இன்றைக்குச் சண்டை.

இந்தப் பறவை எப்படிப் பிடிபட்டது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டால் சாப்பாடு இறங்காது. முதலில் ஒரு மடையானை உயிரோடு பிடிப்பார்கள். அதன் இமைகளை நூலால் தைத்து மூடுவார்கள். காலில் கயிறு கட்டி, தண்ணீர் நிற்கிற வயலில் முளை அடித்து நிறுத்துவார்கள். சுற்றிலும் கண்ணி, இல்லாவிட்டால் வலை. கண் தெரியாத பறவை மிரளாது, பறக்கப் பார்க்காது. சும்மா நிற்கும். அப்படிச் சும்மா நிற்பதில்தான் தொழிலே இருக்கிறது.

மேலே பறக்கிற கூட்டம் அதைப் பார்க்கிறது. நம்மாள் ஒருத்தன் பதறாமல் நிற்கிறான், அப்படியானால் கீழே நாய் இல்லை, மனுஷன் இல்லை, இரை இருக்கிறது. இறங்குகிறது. முன்பின் தெரியாத ஊரில் கூட்டம் இருக்கிற ஓட்டலாகப் பார்த்து நாம் நுழைகிறோமே, அதே கணக்குதான். இப்போது தெர்மோகோலில் வெட்டின கொக்கும் வந்துவிட்டது. செல்போனில் பறவைக் குரலைப் போட்டு ஸ்பீக்கரில் கூப்பிடுகிறவர்களும் உண்டு.

இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்கப் பயன்படும் விலங்குக்குத் தமிழில் பழைய பெயர் 'பார்வை'. கண்ணைத் தைத்துவிட்ட பறவைக்குப் பார்வை என்று பெயர்! புறநானூற்றின் 320-வது பாட்டில் ஒரு வேட்டுவன் வீட்டு முற்றத்தில் இப்படி ஒரு பார்வைப் பெண்மான் வருகிறது. வேட்டுவன் அசந்து தூங்குகிறான். எங்கிருந்தோ வந்த ஆண்மான் அதோடு கூடி விளையாடுகிறது. வேட்டுவன் பெண்டாட்டி பார்க்கிறாள். புருஷனை எழுப்பினால் ஒரு வாரக் கறி. அவள் எழுப்பவில்லை. சத்தத்தில் அவன் விழித்துவிடுவானோ, மான் பிணையை விட்டு ஓடிவிடுமோ என்று பயந்து, வீட்டுக்குள் நடமாடக்கூட இல்லை. வீரை வெளியனார் பாடியது. "பறவை வேட்டை எங்கள் பாரம்பரியம் சார்" என்று மீசையை முறுக்குகிறவர்கள், பாரம்பரியத்தில் இந்த அம்மாளும் இருக்கிறாள் என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காக்காரனும் இதே வேலையைச் செய்கிறான். அங்கே ஆண்மான்கள் மரத்தில் கொம்பை உரசி, நெற்றியிலுள்ள வாசனையைப் பூசிவிட்டுப் போகும். அடுத்த மான் வந்து மோந்து பார்க்கும். ஊர்ச்சாவடி நோட்டீஸ் போர்டு மாதிரி. வேட்டைக்காரர்கள் ஒரு கட்டையை நட்டு, கடையில் வாங்கின வாசனையைத் தடவி, துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள். ஆனால் துப்பாக்கியைத் தெய்வமாகக் கும்பிடுகிற அந்த நாடே வாத்து வேட்டையில் உயிருள்ள பறவையைக் கட்டிவைத்து ஏமாற்றுவதை 1935-இல் தடை செய்துவிட்டது. கட்டையை நட்டுக்கொள், உயிரைக் கட்டாதே என்கிறது. நாம் அந்த இடத்துக்குக்கூட வரவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கண்ணி வைப்பதையும் ஆசை காட்டி வரவழைப்பதையும்கூட 'வேட்டை' என்றே சொல்கிறது. முயற்சி செய்தாலே குற்றம். இன்னொன்றைக் காரில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதே சட்டத்தின் 49-வது பிரிவு, அனுமதியில்லாதவரிடமிருந்து காட்டுயிரையோ அதன் இறைச்சியையோ வாங்குவதையும் தடுக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 3 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் பேப்பரில் வருகிற படத்தைப் பாருங்கள். நடுவில் செருப்பில்லாத ஒரு ஆள், முன்னால் வரிசையாகச் செத்த கொக்குகள், இரண்டு பக்கமும் வனத்துறை. வாங்கினவர் அந்தப் படத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்ததும் ஒரு சாதியின் பேரைச் சொல்லி, "அவனுங்க திருந்த மாட்டானுங்க" என்று நாம் காப்பியை உறிஞ்சுவோம்.

"ஏழை பிழைக்கிறான், விடுங்க சார்" என்பீர்கள். அவர் பசிக்குப் பிடித்துத் தின்றால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். தென்னிந்திய விவசாய ஏரிகளில் நீர்ப்பறவை வேட்டை பற்றி 2017-இல் வெளியான ஆய்வு, வேட்டை நடப்பது சந்தைக்காக என்றுதான் சொன்னது. மதுக்கடைக்குப் பக்கத்துச் சட்டியில் வறுபடுவதற்காக.

"அப்போ ஆடு, கோழி மட்டும் தின்னலாமா?" தின்னுங்கள், நானும் தின்கிறேன். ஆடு குறைந்தால் வளர்த்தவர் இன்னொரு குட்டி விடுவார். கொக்கை யார் வளர்த்தார்கள்? உழவு ஓட்டும்போது பின்னாலேயே வந்து புழு பொறுக்கிற ஜீவன் அது. நடவு நட்ட வயலில் நண்டு, நாற்றைக் கத்தரிக்கும், வரப்பில் வளை போட்டுத் தண்ணீரை வடியவிடும். அந்த நண்டைத் தின்பதும் இதுதான்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் வடுவூர் ஏரி இருக்கிறது. 1999-இல் சரணாலயம் ஆனது. முத்துப்பேட்டைப் பக்கம் உதயமார்த்தாண்டபுரம். இரண்டுக்கும் 2022-இல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது, சந்தோஷம். ஆனால் பறவைக்கு ராம்சர் தெரியாது. ராத்திரி ஏரியில் தங்கும், விடிந்தால் சுற்றுவட்டார வயலுக்கு மேயப் போகும். அங்கேதான் கண் தைத்த மடையான் நிற்கிறது. படுக்கைக்குக் காவல் போட்டு, சாப்பாட்டில் விஷம் வைத்த கதை.

இதை நிறுத்த முடியுமா என்றால், இதே கொக்கு விஷயத்தில் ஒருமுறை நிறுத்தியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காக உலகம் முழுக்கக் கொக்கைக் கொன்றார்கள். இங்கிலாந்தில் சில பெண்கள் 1889-இல் சங்கம் வைத்து, இறகுத் தொப்பி போடமாட்டோம் என்று கிளம்பினார்கள். 1902-இல் இந்தியாவிலிருந்து காட்டுப்பறவை இறகு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பிறகு மெல்ல மெல்லத் தொப்பியில் இறகு வைப்பதே அசிங்கமாகிப் போனது. துப்பாக்கிக்காரன் மனசு மாறினதாலா? தொப்பி வாங்குகிறவர்கள் மாறினார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நானும் தின்றிருக்கிறேன். சின்ன வயசில் எனக்கு இளைப்பு வரும். கொக்குக் கறி நல்லது என்று மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார்கள். தின்றேன், இளைப்பு போகவில்லை. இன்றைக்கும் அதே மருத்துவத்தைச் சொல்லித்தான் சாலையோரத்தில் விற்கிறார்கள். படித்தவர்கள், பையில் இன்ஹேலரை வைத்துக்கொண்டே, வாங்கிப் போகிறார்கள்.

கொக்குக் கறியில் மருந்து இருக்கிறது என்பது பொய்யில்லை. 1990-களில் தென்னிந்தியப் பறவைகளைச் சோதித்த விஞ்ஞானிகள் அவற்றின் உடம்பில் பி.எச்.சி.யும் டி.டி.டி.யும் படிந்திருப்பதைக் கண்டார்கள். எங்கள் ஊரில் பூச்சிக்கொல்லிக்கும் மருந்து என்றுதான் பெயர்.